காரோ-கான் கைகொடுக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

1.இ4 சி6 2.டி4 டி5. சதுரங்கத்தில் கறுப்பு ஆடும் காரோ-கான் தற்காப்பின் இந்த இரண்டு நகர்வையும் கற்றுக்கொள்ள ஒரு டீ ஆறுகிற நேரம் போதும். அதற்கப்புறம் ஏன் தோற்கிறோம் என்று கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்காகிறது. ஹொராஷியோ காரோவும் மார்கஸ் கானும் 1886இல் அலசி வெளியிட்ட இந்தத் தற்காப்புக்கு உறுதியானது என்று பெயர். கபாபிளாங்கா, போட்வின்னிக், பெட்ரோசியன், கார்ப்போவ் என்று உலக சாம்பியன்கள் பலர் நம்பி ஆடியது. அப்படியும் நம் கையில் உடைகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு ஒரே காயைச் சுற்றித்தான் இருக்கும்.

அந்தக் காய் சி8 கட்டத்து மந்திரி. கறுப்பு முதலில் இ6 ஆடாமல் சி6 ஆடுவதே, டி5க்குத் தாங்கல் கொடுத்துக்கொண்டே அந்த மந்திரியின் வழியை அடைக்காமல் வைக்கத்தான். கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி, மந்திரி வெளியே வராததால் வந்தவை. அல்லது வெளியே போனவர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டதால் வந்தவை.

தோற்ற ஆட்டத்தை எழுதிவைத்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நகர்வுக்குள், "இதை ஏன் ஆடினேன்?" என்று கேட்டால் பதில் வராத முதல் நகர்வை வட்டமிடுங்கள். காய் பறிபோன நகர்வை வட்டமிட வேண்டாம். பறிபோவது வழக்கமாக இரண்டு மூன்று நகர்வு தள்ளித்தான் நடக்கும். வட்டமிட்ட இடம் எந்த அறிகுறியோடு பொருந்துகிறதோ அங்கே போங்கள். மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

அறிகுறி: "யானையை எடு" என்றால் கை வேறு காய்க்குப் போகிறது

பர்மாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே வரும் கோளாறு இது. வீட்டில் தாத்தா சொல்லிக்கொடுத்த ஆட்டத்தில் மூலையில் நிற்பது யானை, நேராக ஓடும். பர்மிய மொழியில் யானைக்கு 'ஸின்' என்று பெயர். ஆனால் பர்மியர்களின் பழைய சதுரங்கமான சிட்டுயினில் அந்தப் பெயர் நம் மந்திரியின் இடத்தில் இருக்கும் காய்க்கு. நேராக ஓடுவது அங்கே 'யஹ்தா', அதாவது தேர். பர்மியர் ஒருவரிடம் பாடம் கேட்டு அதை மனத்துக்குள் தமிழாக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு, மந்திரியைப் பற்றிய அறிவுரை முழுதும் மூலை யானையைப் பற்றியதாகிவிடும்.

தீர்வு எளிது. குறிப்பேட்டில் காயின் பெயரோடு கட்டத்தையும் எழுதுங்கள்: "சி8இல் இருப்பது எஃப்5க்கு." கட்டத்தின் பெயர் எந்த மொழியிலும் மாறாது. இந்தக் கட்டுரையில் மூலையில் நிற்பது யானை, குறுக்கே ஓடுவது மந்திரி, வெட்டுவதற்கு × குறி, ராஜாவுக்குச் செக் என்றால் +, நல்ல நகர்வுக்கு !, தவறுக்கு ?, பெருந்தவறுக்கு ??. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு. 'குதிரை ஜிஇ2' என்றால் ஜி கோட்டில் நிற்கும் குதிரை இ2க்கு, 'குதிரை 1எஃப்3' என்றால் முதல் வரிசைக் குதிரை எஃப்3க்கு. 'கோட்டை' என்பது ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து நகர்வது.

சிட்டுயினில் கைபழகிய பெரியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்த 'ஸின்' ஒரு கட்டம்தான் நகரும், ராணியின் இடத்திலுள்ள 'சிட்கே'யும் குறுக்கே ஒரே கட்டம்தான். ஆகவே ஏழு கட்டம் தள்ளி நின்று குறுக்கே தாக்கும் காயைக் கண் தேடிப் போவதில்லை. ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் எதிராளியின் ராணி, இரண்டு மந்திரி, இந்த மூன்றின் குறுக்குக் கோடுகளை விரலால் காற்றில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் கண்ணே பழகிவிடும்.

அறிகுறி: பத்து நகர்வு ஆகியும் சி8 மந்திரி வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை

காரணம்: இ6 முந்திவிட்டது. 3.இ5 வந்ததும் உடனே 3...இ6 ஆடினால், பிரெஞ்சு டிஃபென்ஸின் (1.இ4 இ6) அடைபட்ட மந்திரி உங்களிடம் வந்துவிடுகிறது. அதோடு, பிரெஞ்சில் சி7இலிருந்து நேரே சி5க்குப் போகும் சிப்பாய்க்கு இங்கே சி6, சி5 என்று இரண்டு நகர்வு செலவாகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

சரிசெய்யும் வரிசை: முதலில் மந்திரி எஃப்5, பிறகு இ6, பிறகு சி5. இந்த மூன்றையும் இதே ஒழுங்கில் பத்துத் தடவை பலகையில் வைத்துப் பாருங்கள்.

விதிவிலக்கு மூன்று உண்டு. வெள்ளை 4.சி4 ஆடும் பானோ வகையில் மந்திரியை வெளியே விடவே கூடாது. 4...குதிரை டி7 வகையில் அது பின்னால்தான் வரும். 3.எஃப்3க்கு இ6 நல்ல பதில். மூன்றும் கீழே தனித்தனியாக வருகின்றன.

அறிகுறி: மந்திரி எஃப்5க்குப் போனது, ஆனால் பிடிபட்டுவிட்டது

அட்வான்ஸ் வகையில் இதுதான் அதிகம் பார்க்கிற விபத்து. 3.இ5 மந்திரி எஃப்5 4.எச்4. 1961 உலகப் பட்ட மறுபோட்டியில் தால் போட்வின்னிக்குக்கு எதிராக ஆடிய நகர்வு. முதல்முறை பார்ப்பவருக்கு, ஓரத்தில் ஒரு சிப்பாய் சும்மா நகர்ந்தமாதிரி இருக்கும். பழக்கதோஷத்தில் 4...இ6 என்று ஆடுவார். 5.ஜி4! மந்திரி இ4 6.எஃப்3 மந்திரி ஜி6 7.எச்5. மந்திரி செத்தது.

பலகையில் வைத்து எண்ணிப் பாருங்கள். ஜி6இல் நிற்கும் மந்திரிக்கு எஃப்5 உண்டு, ஜி4 சிப்பாய் வெட்டும். இ4 உண்டு, எஃப்3 சிப்பாய் வெட்டும். டி3க்குப் போனால் எஃப்1 மந்திரியும் ராணியும் காத்திருக்கின்றன. எச்7இல் சொந்தச் சிப்பாய். கடைசியில் சி2 சிப்பாயை வெட்டிக்கொண்டு சாக வேண்டியதுதான். ஆறாவது நகர்வில் ஜி6க்குத் திரும்பாமல் இ4இலிருந்து பி1 குதிரையை வெட்டித் தப்பலாமே என்று தோன்றும். நடுவில் சி2 சிப்பாய் மறிக்கிறது.

தீர்வு: 4.எச்4க்கு 4...எச்5. அவ்வளவுதான். ஜி4 இனி எளிதில் வராது. எச்5 சிப்பாய் பின்னால் பலவீனமாகலாம், மந்திரி ஜி5 வந்து தொல்லை கொடுக்கலாம். ஒரு மந்திரியை இழப்பதோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

அதே சமயம், 4.ஜி4 என்று உடனே தள்ளினால் பயப்பட வேண்டாம். 4...மந்திரி இ4 என்று எச்1 யானையைத் தாக்குங்கள். 5.எஃப்3 மந்திரி ஜி6 6.எச்4 எச்5. வெள்ளையின் எச் சிப்பாய் இங்கே ஒரு நகர்வு பிந்தியிருப்பதால் உங்கள் எச்5க்கு நேரம் கிடைக்கிறது. இரண்டு நிலையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு நகர்வு ஒரு மந்திரியின் விலை என்பது கண்ணுக்கே தெரியும்.

4.குதிரை சி3 இ6 5.ஜி4 மந்திரி ஜி6 6.குதிரை ஜிஇ2 என்று வருபவர்கள் சண்டைக்காரர்கள். அங்கே தற்காத்துக்கொண்டு உட்காராதீர்கள், 6...சி5 என்று நடுவை உடையுங்கள். ஓரத்தில் தாக்குபவனுக்கு நடுவில் பதில் சொல்ல வேண்டும் என்ற பழைய பாடம் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிற இடம் இது.

அறிகுறி: கிளாசிக்கலில் எச் சிப்பாய் வந்து மந்திரியைத் துரத்துகிறது

3.குதிரை சி3 டி×இ4 4.குதிரை×இ4 மந்திரி எஃப்5 5.குதிரை ஜி3 மந்திரி ஜி6 6.எச்4. அடுத்து 7.எச்5 வந்தால் மந்திரி போயிற்று. 6...எச்6 கட்டாயம், இங்கே வேறு யோசனைக்கே நேரமில்லை. 7.குதிரை எஃப்3க்கு 7...குதிரை டி7. இதன் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்: வெள்ளைக் குதிரை இ5க்கு வராமல் தடுக்க. எஃப்6க்கு முதலில் போகும் கறுப்புக் குதிரை இ5 கட்டத்தைக் காக்காது.

8.எச்5 மந்திரி எச்7 9.மந்திரி டி3 மந்திரி×டி3 10.ராணி×டி3 இ6. இதுவரை வந்துவிட்டால் ஓபனிங் முடிந்தது என்றே சொல்லலாம். எச்5இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இப்போது மிரட்டலாகத் தெரியும். ராணிகள் பலகையைவிட்டுப் போனபின் அதைக் காப்பாற்றுவது வெள்ளையின் பாடு.

அறிகுறி: "அதே நகர்வுகளைத்தான் ஆடினேன், இந்தத் தடவை அப்படியே நொறுங்கிவிட்டது"

வெள்ளையின் டி சிப்பாயைப் பாருங்கள். டி2இலேயே நிற்கிறதா? அப்படியென்றால் நீங்கள் கிளாசிக்கலில் இல்லை, இரண்டு குதிரை வகையில் இருக்கிறீர்கள்: 2.குதிரை சி3 டி5 3.குதிரை எஃப்3. இங்கே கிளாசிக்கல் நகர்வுகளை ஆடுவதுதான் பொறி.

3...டி×இ4 4.குதிரை×இ4 மந்திரி எஃப்5? 5.குதிரை ஜி3 மந்திரி ஜி6 6.எச்4 எச்6 7.குதிரை இ5! மந்திரி எச்7 8.ராணி எச்5. எஃப்7இல் மேட் மிரட்டல். 8...ஜி6 ஆடி ராணியைத் தாக்கியாகிவிட்டது என்று நிமிர்வதற்குள் 9.மந்திரி சி4! ராணியை வெட்டினால் 10.மந்திரி×எஃப்7 மேட்: இ5 குதிரை எஃப்7ஐயும் காக்கிறது, டி7ஐயும் அடைக்கிறது, ராஜாவுக்கு மற்ற கட்டமெல்லாம் சொந்தக் காய்களால் நிறைந்திருக்கிறது. 9...இ6 என்று சமாளித்தாலும் 10.ராணி இ2 வந்து, அடுத்து குதிரை×எஃப்7 என்ற மிரட்டல் நிற்கிறது. எச்7 மந்திரியோ ஜி6 சிப்பாய்க்குப் பின்னால் சிறைப்பட்டுக் கிடக்கிறது.

ஏன் இப்படி? கிளாசிக்கலில் டி4க்குச் செலவான நகர்வை வெள்ளை இங்கே குதிரையை எஃப்3க்குக் கொண்டுவரச் செலவழித்திருக்கிறது. அந்தக் குதிரை ஒரு நகர்வு முந்தி இ5இல் குதித்துவிடுகிறது.

தீர்வு: 3...மந்திரி ஜி4 4.எச்3 மந்திரி×எஃப்3 5.ராணி×எஃப்3 இ6. மந்திரியைக் கொடுத்துக் குதிரையை எடுத்தாயிற்று, சிப்பாய்கள் வெள்ளைக் கட்டங்களில் ஒழுங்காக நிற்கின்றன, பொறி எதுவும் இல்லை. இரண்டு மந்திரி வைத்திருப்பது வெள்ளைக்கு லாபம்தான். ஆனால் நிலை மூடியிருக்கும்வரை அந்த லாபம் பெரிதாகத் தெரியாது.

அறிகுறி: 4...குதிரை டி7 ஆடுகிறேன். ஆறாவது நகர்விலேயே மேட் வாங்கினேன்

சிரிக்க வேண்டாம், பெரிய ஆட்டக்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள். 3.குதிரை சி3 டி×இ4 4.குதிரை×இ4 குதிரை டி7 5.ராணி இ2. "அசட்டு நகர்வு, சொந்த மந்திரியையே அடைக்கிறதே" என்று நினைத்து 5...குதிரை ஜிஎஃப்6?? ஆடினால் 6.குதிரை டி6 மேட். இ7 சிப்பாய் குதிரையை வெட்ட முடியாது. வெட்டினால் இ2 ராணியின் கோடு திறந்துவிடும். ராஜாவைச் சுற்றி டி8இல் ராணி, டி7இல் குதிரை, எஃப்8இல் மந்திரி, எஃப்7இல் சிப்பாய். சொந்தக்காரர்களே மூச்சுமுட்ட வைத்துவிட்டார்கள்.

தீர்வு: ராணி இ2 கண்ணில் பட்டால் 5...குதிரை டிஎஃப்6. டி7 குதிரை நகர்ந்தால் ராஜாவுக்கு டி7 கிடைக்கிறது, நடுக் குதிரையும் தாக்கப்படுகிறது. 5...இ6உம் போதும்.

இதே வகையில் இன்னொரு கண்ணி: 5.குதிரை ஜி5. உடனே 5...எச்6 என்று துரத்தக் கை துறுதுறுக்கும். 6.குதிரை இ6! ராணி தாக்கப்பட்டது. 6...எஃப்×இ6?? 7.ராணி எச்5+ ஜி6 8.ராணி×ஜி6 மேட்.

சரியான ஒழுங்கு இதுதான்: 5...குதிரை ஜிஎஃப்6 6.மந்திரி டி3 இ6 7.குதிரை 1எஃப்3 மந்திரி டி6! பிறகு 8.ராணி இ2 எச்6, இப்போது குதிரையைத் துரத்தலாம். எச்6ஐ ஒரு நகர்வு முந்தி ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி இருக்கிறது. 1997 மே 11, நியூயார்க். டீப் புளூ கணினிக்கு எதிராகக் கடைசி ஆட்டத்தில், கறுப்பில் காஸ்பரோவ். 7...எச்6? 8.குதிரை×இ6! ராணி இ7 9.கோட்டை எஃப்×இ6 10.மந்திரி ஜி6+ ராஜா டி8. கோட்டை கட்டும் வாய்ப்பு போனது, தன் மந்திரிகளும் யானைகளும் எழுந்து நிற்க இடமில்லை, ராணி தன் ராஜாவின் பக்கத்திலேயே நெரிசலில். 19 நகர்வில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். டி6 மந்திரியும் எச்6 சிப்பாயும் இரண்டுமே சரியான நகர்வுகள். ஒழுங்கு மாறியதுதான் பிழை. மனப்பாடக்காரர்கள் இந்த ஆட்டத்தை மாதம் ஒருமுறை பலகையில் வைத்துப் பார்ப்பது நல்லது.

நிம்மதியாக ஆட வேண்டும் என்று நினைப்பவர்கள் 4...குதிரை டி7 பக்கமே போகாமல் 4...மந்திரி எஃப்5 அல்லது 4...குதிரை எஃப்6 வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: எக்ஸ்சேஞ்சில் ராணி பி3க்கு வந்ததும் கை உறைகிறது

3.இ×டி5 சி×டி5 4.மந்திரி டி3 குதிரை சி6 5.சி3 குதிரை எஃப்6 6.மந்திரி எஃப்4 மந்திரி ஜி4 7.ராணி பி3. மந்திரி வீட்டைவிட்டுப் போனதால் பி7க்கு ஆள் இல்லை. 1970 பெல்கிரேடில் ஃபிஷருக்கு எதிராகப் பெட்ரோசியன் 7...குதிரை ஏ5 ஆடினார், 8.ராணி ஏ4+ மந்திரி டி7 9.ராணி சி2 என்று மந்திரி பின்வாங்க, ஃபிஷர் வென்றார். நம் அளவுக்கு 7...ராணி டி7 போதும். பி7, டி5 இரண்டும் ஒரே நகர்வில் காப்பாற்றப்படுகின்றன. 8.குதிரை டி2 இ6 9.குதிரை ஜிஎஃப்3 மந்திரி×எஃப்3 10.குதிரை×எஃப்3 மந்திரி டி6, காய்கள் குறையக் குறையக் கறுப்புக்கு நிம்மதி.

எஃப்4 மந்திரியே வேண்டாம் என்றால் ஐந்தாவது நகர்வில் 5...ராணி சி7.

"சமநிலைதான், ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை" என்பவர்கள் பி சிப்பாயைக் கவனியுங்கள். யானையை பி8க்கு வையுங்கள், பி5, பி4 தள்ளுங்கள். சி3இல் வெட்டினால் வெள்ளைக்கு அங்கே ஒரு பலவீனச் சிப்பாய் மிச்சம். பத்து நகர்வுக்கு வேலை கிடைத்துவிட்டது.

அறிகுறி: பானோவில் எல்லாப் பக்கமும் அடி விழுகிறது

3.இ×டி5 சி×டி5 4.சி4 குதிரை எஃப்6 5.குதிரை சி3. "மந்திரி வெளியே" என்ற பாடத்தை இங்கே கொண்டுவந்து 5...மந்திரி எஃப்5? ஆடுபவர்கள்தான் அடி வாங்குகிறார்கள். 6.சி×டி5 குதிரை×டி5 7.ராணி பி3, பி7உம் டி5உம் ஒருசேரத் தாக்கப்படுகின்றன. இங்கே 5...இ6 ஆடி மந்திரியை உள்ளேயே விடுங்கள். பிறகு 6.குதிரை எஃப்3 மந்திரி பி4 அல்லது மந்திரி இ7, கோட்டை.

டி×சி4 வெட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். எஃப்1 மந்திரி ஒருமுறை நகரும்வரை காத்திருந்து வெட்டினால், அது சி4க்கு வர இன்னொரு நகர்வு செலவழிக்க வேண்டும். அதற்கப்புறம் தனித்து நிற்கும் டி4 சிப்பாயின் முன்னால், டி5இல் ஒரு குதிரையை உட்காரவையுங்கள்.

அறிகுறி: 3.எஃப்3 என்று விசித்திரமாக ஆடுகிறார்

இது ஃபேன்டஸி வகை. 3...இ6 4.குதிரை சி3 மந்திரி பி4 என்று ஆடி, எஃப்3ஆல் தளர்ந்த வெள்ளை ராஜா வீட்டை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். கூர்மையாக வேண்டும் என்றால் 3...டி×இ4 4.எஃப்×இ4 இ5. 5.டி×இ5?? வந்தால் 5...ராணி எச்4+, 6.ஜி3 ராணி×இ4+, எச்1 யானை விழுந்தது. ஆனால் 5.குதிரை எஃப்3க்கு 5...இ×டி4? என்று சிப்பாய்க்கு ஆசைப்படக் கூடாது; 6.மந்திரி சி4 வந்து எஃப்7 எரியத் தொடங்கும். 5...மந்திரி இ6 ஆடி அந்தக் குறுக்குக் கோட்டின் வழியை முதலில் அடைத்துவிடுங்கள்.

அறிகுறி: காய் எதுவும் போகவில்லை, ஆனாலும் மூச்சுமுட்டித் தோற்கிறேன்

சி5 மறந்துபோயிருக்கும். அட்வான்ஸில் மந்திரி வெளியே வந்ததோடு பாதி வேலைதான் முடிந்தது. இ5, டி4 என்று வெள்ளை கட்டிய சங்கிலியின் அடியை சி5 கொண்டு உடைக்காவிட்டால், கறுப்புக் காய்கள் மூன்று வரிசைக்குள் ரங்கூன் பஸ்ஸில் நிற்பதுபோல நெருக்கியடித்து நிற்கும். 4.குதிரை எஃப்3 இ6 5.மந்திரி இ2 சி5 6.மந்திரி இ3 சி×டி4 7.குதிரை×டி4 குதிரை இ7. பொறுமைக்காரர்கள் 5...குதிரை டி7, குதிரை இ7 என்று தயார்செய்துவிட்டும் தள்ளலாம். ஆனால் பத்தாவது நகர்வைத் தாண்டியும் சி6இலேயே அந்தச் சிப்பாய் நின்றால் தாளில் வட்டம் போட வேண்டியது அங்கேதான்.

அறிகுறி: எஞ்சின் வெள்ளைக்கு +0.4 காட்டுகிறது, ஓபனிங்கை மாற்றலாமா?

வேண்டாம். முதல் நகர்வு வெள்ளைக்கு. கறுப்பில் எதை ஆடினாலும், ஒரு சிப்பாயை 1 என்று எண்ணும் ஸ்டாக்ஃபிஷ் போன்ற கணினி எஞ்சின் கொஞ்சம் வெள்ளைப் பக்கம்தான் சாய்ந்து காட்டும். ஒரு நகர்வுக்குப் பிறகு எண் திடீரென்று ஒன்றுக்கு மேல் குதித்தால் மட்டும் நின்று பாருங்கள். அரைச் சிப்பாய்க்காக ஓபனிங் மாற்றுபவர்கள் ஆறு மாதத்தில் ஆறு ஓபனிங்கின் முதல் நான்கு நகர்வுகளைத் தெரிந்துவைத்திருப்பார்கள்.

அறிகுறி: வீட்டில் எல்லாம் வருகிறது, பலகையில் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது

படித்த அளவு அதிகம், காரணம் குறைவு. கிளாசிக்கலுக்கு 8 நகர்வு, எக்ஸ்சேஞ்சுக்கு 8, அட்வான்ஸுக்கு 7, பானோவுக்கு 7, இரண்டு குதிரைக்கு 5, ஃபேன்டஸிக்கு 5. மொத்தம் 40. தொடங்குபவருக்கு இது போதும். நாளுக்கு 4 நகர்வு என்றால் பத்து நாள்.

குறிப்பேட்டில் மூன்று பத்தி போடுங்கள்: எதிராளியின் நகர்வு, என் நகர்வு, ஏன். மூன்றாவது பத்தியில் ஐந்தாறு சொல்லுக்குமேல் எழுதாதீர்கள். "எச்5க்கு இடம் வைக்க." "இ5ஐத் தடுக்க." காரணம் எழுத வராத நகர்வை ஆடவும் வேண்டாம், புரிந்த இன்னொன்றை ஆடுங்கள், அது கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் இடது பத்தியை மட்டும் திறந்துவைத்து, மற்ற இரண்டையும் ஒரு தாளால் மூடிக்கொண்டு, பலகையில் காய்களை நகர்த்திப் பாருங்கள். கரண்ட் போன மாலைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. இணையம் இருக்கும் நாளில் லிச்செஸ் என்ற சதுரங்கத் தளத்தில் ஒரு 'ஸ்டடி' திறந்து அதே கிளைகளை ஏற்றிவைக்கலாம், காசு இல்லை. அதன் கைபேசிச் செயலியில் இணையம் இல்லாமலும் கணினியோடு ஆடலாம். பழக்க ஆட்டங்களுக்கு மூன்று நிமிட பிளிட்ஸ் வேண்டாம். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். பிளிட்ஸில் கை பழைய தவறையே திரும்பத் திரும்ப ஆடிப் பழகும்.

அறிகுறி: எதிராளி 1.டி4 ஆடிவிட்டார்

காரோ-கான் இங்கே கிடையாது. பக்கத்து வீடான ஸ்லாவ் இருக்கிறது: 1...டி5 2.சி4 சி6. சிப்பாய் அமைப்பு பழகியதுதான் என்பதால் மாறுவது எளிது. ஒரே எச்சரிக்கை: 3.குதிரை எஃப்3க்கு உடனே 3...மந்திரி எஃப்5? வேண்டாம். 4.சி×டி5 சி×டி5 5.ராணி பி3, மறுபடியும் அதே பி7. ஒழுங்கு: 3...குதிரை எஃப்6 4.குதிரை சி3 டி×சி4 5.ஏ4 மந்திரி எஃப்5. இப்போது சி4இல் நிற்கும் கறுப்புச் சிப்பாய் பி3 கட்டத்தைக் காவல்காக்கிறது, ராணியால் அங்கே வர முடியாது.

அறிகுறி: ஓபனிங் நன்றாக வந்தது, கடைசியில் சிப்பாய் ஆட்டத்தில் தோற்றேன்

4...குதிரை எஃப்6 5.குதிரை×எஃப்6+ இ×எஃப்6 ஆடுபவர்களுக்கு மட்டும் இது. டார்டகோவர் வகை, இப்போது பலரும் விரும்பி ஆடுவது. எஃப் கோட்டில் கறுப்புக்கு இரட்டைச் சிப்பாய். ராணி பக்கம் வெள்ளைக்கு 4, கறுப்புக்கு 3. ராஜா பக்கம் கறுப்புக்கு 4, வெள்ளைக்கு 3. ஆனால் இரட்டை நிற்பதால் அந்த நாலிலிருந்து முன்னேறிப் போகும் ஒரு சிப்பாயை உண்டாக்குவது கடினம். வெள்ளைக்கு டி சிப்பாய் அப்படியே ஓடத் தயார்.

ஆகவே இந்த வகையில் காய்களைச் சளைக்காமல் மாற்றிக்கொண்டே போகக் கூடாது. ராணியையும் ஒரு யானையையுமாவது பலகையில் வைத்திருங்கள். மந்திரி டி6, கோட்டை, யானை இ8, குதிரை டி7 வழியாக எஃப்8. வெள்ளை மந்திரி டி3, ராணி சி2 என்று எச்7ஐக் குறிவைத்தால் எச்6 ஆட வேண்டாம். யானை இ8+ கொடுத்து, குதிரை இ2 வந்ததும் எச்5. சிப்பாயும் தப்புகிறது, அடுத்து எச்4 என்று வெள்ளை ராஜா பக்கத்தைச் சீண்டவும் போகிறது. எல்லா யானையும் மாறி, சிப்பாய்களும் ராஜாக்களும் மட்டும் மிஞ்சப்போகிறது என்று தெரிந்தால், அந்தக் கடைசி யானை மாற்றத்துக்கு முன்னால் கடிகாரத்தில் மூன்று நிமிடம் செலவழித்து எண்ணுங்கள். எண்ணி முடியவில்லையென்றால் மாற்றாதீர்கள்.